பதினேழு ஒன்றுகள்

சனிக்கிழமை காலை பத்தரை மணி, பதினேழு ஒன்றுகள், அனந்தநாராயணன். என் பத்திரிகை வாழ்க்கையில் நான் அதிக காலம் சுமந்த செய்தி இவ்வளவுதான். எழுத்துப் பிழையை வாசகர் சிரித்து விட்டுவிடுவார், எண் பிழைக்குப் போன் போடுவார். விபத்தில் காயம் எத்தனை பேருக்கு, அணையில் நீர் எத்தனை அடி, ஏலக்காய் கிலோ என்ன விலை என்று எண்களை அச்சேற்றியே வயிறு வளர்த்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த வலி தெரியும். தெரியாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அவர்களும் படிக்கலாம்.

நான் இருந்தது ஒரு தமிழ் நாளிதழின் பாலக்காடு அலுவலகத்தில். வாளையாறு எல்லையிலிருந்து இடுக்கி மலை வரை உள்ள தமிழ் வாசகர்களுக்கு எல்லாம் ஒரே பதிப்பு. ஞாயிறு பக்கத்தில் அணை நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் காலியாக இருந்தது. அதில் ‘இந்த வார எண்’ என்று ஏதாவது ஓர் எண்ணைப் போட்டு அதன் குணங்களை நாலு வரியில் எழுதச் சொன்னார்கள். விளம்பரம் கிடைக்கும்வரை எழுது என்றார்கள். விளம்பரம் பல வருடம் கிடைக்கவில்லை.

ஒன்று குறைந்தது

அந்தச் சனிக்கிழமை போனில் பேசிய அனந்தநாராயணன் கல்பாத்திக்காரர், ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். “ஒண்ணு, ஒண்ணுன்னு சொல்லிண்டே போறேன், நீங்கோ எழுதிக்கோங்கோ” என்று தொடங்கிப் பதினேழு முறை சொன்னார். பதினேழு ஒன்றுகளை வரிசையாக நிறுத்தினால் வரும் எண்ணை எந்த எண் மீதியில்லாமல் வகுக்கும் என்று வாசகர்களைக் கேட்க வேண்டும் என்பது அவர் யோசனை. எனக்கு அந்த வாரம் வேறு எண் கிடைக்காததால் ஒப்புக்கொண்டேன்.

பக்கம் வடிவமைத்தவர் கட்டத்தின் அகலத்தைப் பார்த்தார். கடைசி ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்போது ஒன்று போனால் யாருக்குத் தெரியும் என்று அதை எடுத்துவிட்டார். பதினாறு ஒன்றுகள் அச்சாயின. இரட்டைப்படையில் ஒன்றுகள் நின்றால் இரண்டிரண்டாகப் பிரித்துப் பதினொன்று, பதினொன்று என்று எண்ணிவிடலாம். ஞாயிறு காலை எட்டு மணிக்குள் சித்தூரில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் கூப்பிட்டார். “ஏனுங்க, பதினொண்ணுல வகுத்தா மீதியே வரலீங்களே. இதைக் கேக்கறதுக்கு ஒரு பேப்பருங்களா?”

பார்த்துவிட்ட பாவம்

அடுத்த வாரம் எழுத்தைச் சிறிதாக்கிப் பதினேழையும் போட்டோம். அன்று மாலை சும்மா இருக்க முடியாமல் அலுவலகக் கணினியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன். டீ ஒரு மடக்கு உள்ளே போவதற்குள் விடை வந்துவிட்டது. ஒன்றையும் அந்த எண்ணையும் விட்டால், அதை வகுக்கும் எண்கள் இரண்டே இரண்டு. சிறியது 20,71,723. பெரியது ஐந்நூறு கோடிக்கு மேல். இங்கே அதை எழுதலாம், தடை நீங்கிவிட்டது.

உற்சாகத்தில் கல்பாத்திக்குப் போன் செய்தேன். கணினியில் என்று நான் தொடங்கியதுமே அவர் நிறுத்திவிட்டார். விடை யந்திரத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கையால் வகுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. “ரயில் எங்க நிக்கறதுன்னு இப்போ போன்லயே தெரியறது. நான் ஸ்டேஷனுக்குப் போய் நின்னு பாக்கறவன், கேட்டேளா” என்றார். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னார்: “சரி, பாத்தது உங்களோட இருக்கட்டும். குரல்லகூடக் காட்டப்பிடாது.”

மூன்றில் முடிபவை

இத்தனை பெரிய எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு வகுத்துக்கொண்டே போக முடியாது. அனந்தநாராயணன் ஒரு வழி வைத்திருந்தார். ஐந்து ஒன்றுகளை 41 வகுக்கும். 41-இல் ஒன்றைக் கழித்தால் 40, அது ஐந்தின் மடங்கு. ஏழு ஒன்றுகளை 239 வகுக்கும்; ஒன்றைக் கழித்தால் 238, அது ஏழின் மடங்கு. ஆகவே பதினேழு ஒன்றுகளை வகுக்கும் பகா எண் எதுவானாலும், ஒன்றைக் கழித்தால் பதினேழின் மடங்காகத்தான் இருக்கும். இரட்டைப்படை எண்கள் வராது என்பதால் முப்பத்து நான்கு முப்பத்து நான்காகத் தாவலாம்: 35, 69, 103, 137, 171. கடைசி இலக்கம் 5, 9, 3, 7, 1 என்று சுற்றிச் சுற்றி வரும். ஐந்தில் முடிவதைத் தள்ளிவிடலாம். மீதி நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் 170 கூட்டினால் அடுத்த எண்.

இதைக் கட்டத்தில் எழுதியதும் காந்தலூரிலிருந்து ஞானராஜ் பேசினார். சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். உடுமலையில் கல்லூரிக்குப் போய்க் கணிதத்தை இரண்டாம் ஆண்டோடு விட்டவர். பயணிகள் அருவியில் நனைந்துவிட்டு வரும்வரை ஜீப்பில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு வகுத்துக்கொண்டிருக்கலாமே என்றார். இருவரையும் அலுவலகப் போனில் சேர்த்து விட்டேன். தான் ஓய்வு பெற்றவன், மூன்று வரிசை எடுத்துக்கொள்வதாகவும், ஞானராஜ் வேலை பார்ப்பவர், ஒரு வரிசை போதும் என்றும் அனந்தநாராயணன் சொன்னார். எது வேண்டும் என்றும் கேட்டார்.

ஞானராஜ் யோசிக்கவே இல்லை. விடையின் கடைசி இலக்கம் தெரிந்த நான் மேசையில் இருந்த பசைப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். “என் ஜீப்பு நம்பர் மூணுல முடியுது சாமி. மூணைக் குடுங்க, மத்ததை நீங்களே வச்சுக்கிடுங்க.”

சனிக்கிழமைப் போன்

அப்புறம் ஐந்தாறு மழைக்காலம் இப்படியே போனது. சனிக்கிழமை மதியம் இருவரும் தனித்தனியே அழைத்து, எதுவரை வந்திருக்கிறோம் என்று சொல்வார்கள். ஞாயிறு காலை கட்டத்தில் ‘பதினேழு ஒன்றுகள்: இதுவரை இல்லை’ என்று அந்த எண்கள் அச்சாகும். அனந்தநாராயணன் ஒரு விதி வைத்திருந்தார்: அச்சில் வந்ததுதான் கணக்கு. போனில் சொன்ன எண்ணை நம்பக் கூடாது. ஒரு முறை அப்படி நம்பி ஒரு வாரத்து வேலை வீணானதாகச் சொன்னார். முதல் வாரமே பதினாறு ஒன்றுகளைப் போட்ட பத்திரிகையை அந்த மனிதர் அவ்வளவு நம்பினார்.

கடைசிவரை இருவரும் நேரில் சந்தித்ததில்லை. கேலியெல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது. ரயில்வேயில் இருந்தவர் என்றால் லேட்டாகத்தான் வருவார் என்று காந்தலூர் சொல்லும். மலை வளைவில் ஜீப்பை ஓட்டுகிற மாதிரி வகுத்தால் ஓர் இலக்கம் பள்ளத்தில் உருண்டுவிடும் என்று கல்பாத்தி சொல்லும். விடையை யந்திரத்தில் பார்த்து எழுதி அனுப்பிய வாசகர்களும் உண்டு. அவற்றை வாங்கிக் கிழிப்பது என் சனிக்கிழமை வேலைகளில் ஒன்றாயிற்று. உடும்பஞ்சோலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் பார்க்கும் ஒரு பெண்மணி, பேப்பர் வண்டி வராத ஞாயிறுகளில் அலுவலகத்துக்கே போன் போடுவார். “விலை கெடக்கட்டும் சார், அதைப் பொறவு பாக்கேன். ஜீப்புக்காரரு எங்கன நிக்காருன்னு மட்டும் சொல்லுங்க.”

புள்ளிக்குப் பின் இரண்டு

மாசி மாதம், நான் தேனியில் தங்கை வீட்டு விசேஷத்துக்காக ஒரு வாரம் விடுப்பில் இருந்தேன். அந்த வாரம் ஞானராஜுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போய்விட்டது. மகள் ஜெனிஃபர் சனிக்கிழமை அப்பாவின் கணக்கைத் தவற விடக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலிருந்தே அழைத்து, 20,71,553 வரை இல்லை, இனி சாமியே மூன்றில் முடியும் வரிசையையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறாள். போனை எடுத்தவர் எங்கள் செய்தி ஆசிரியர் பழனிச்சாமி, கொழிஞ்சாம்பாறைக்காரர். நல்ல மனிதர், விதி என்றால் விதி.

அப்போது தலைமை அலுவலகம் ஒரு விதி அனுப்பியிருந்தது. லட்சத்தைத் தாண்டிய எண் எதுவானாலும் ‘லட்சம்’ என்று போட்டு, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும். என் கட்டத்துக்கு வாய்மொழியாக விலக்கு வாங்கி வைத்திருந்தேன். வாய்மொழி விலக்கு, ஆள் ஊரில் இருக்கும்வரைதான். ஞாயிறு பேப்பரில் ‘மூன்றில் முடிபவை: 20.72 லட்சம் வரை இல்லை. இனி அனந்தநாராயணன் தொடர்வார்’ என்று வந்தது. அச்சை நம்பிய அவர் இருபது லட்சத்து எழுபத்திரண்டாயிரத்துக்கு அடுத்து வருவதிலிருந்து தொடங்கிவிட்டார். 553-உடன் 170 கூட்டினால் 723, கணினி எனக்குக் காட்டிய அதே 20,71,723. ஞானராஜ் நின்ற இடத்துக்கு அடுத்த படிதான் அது. அதன் மேல் எங்கள் பத்திரிகை ஒரு பாலத்தைக் கட்டி அவரை அக்கரையில் இறக்கிவிட்டது.

இனி அவர் எவ்வளவு வகுத்தாலும் கிடைக்கப் போவதில்லை. அடுத்தது ஐந்நூறு கோடிக்கு அப்பால். விடுப்பு முடிந்து வந்து பழனிச்சாமியிடம் முறையிட்டேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “இருபது லட்சத்துல நானூறு ஐநூறு ஒரு கணக்குங்களா? ஏலக்காய் மூட்டை தூக்கறப்ப சிந்துறதே இதைவிட அதிகமுங்க.”

திருத்தம்

எங்கள் தொழிலில் தவறுக்கு ஒரே மருந்து திருத்தம். ‘சென்ற வாரம் 20.72 லட்சம் என்று வந்தது தவறு. 20,71,553 என்று வாசிக்கவும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நீதிமன்றச் செய்திக்குப் போய்விட்டேன். ஞாயிறு காலை பேப்பரைப் பிரித்தேன். ‘சென்ற வாரம் 20.72 லட்சம் என்று வந்தது தவறு, 20.72 லட்சம் என்று வாசிக்கவும்’ என்று இருந்தது. பக்கத்தைத் தயார் செய்தவர் விதிப்படி நடந்திருந்தார்.

கல்பாத்திக்குப் போன் போட்டேன். வகுத்துக்கொண்டிருக்கும்போது எண் சொல்லிக் குழப்பாதீர்கள், எதுவானாலும் அச்சில் போடுங்கள் என்று வைத்துவிட்டார். இன்னொரு திருத்தம் வேண்டும் என்று பழனிச்சாமியிடம் போனேன். அவர் இரண்டு வாரத்துப் பேப்பரையும் அருகருகே விரித்துப் பொறுமையாகப் படித்தார். “ஏனுங்க, ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது. திருத்தத்துக்குத் திருத்தம் போட்டா படிக்கறவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?”

வெயிலில் ஒரு வருகை

வேறு வழியில்லாமல் நேரில் போனேன். பங்குனி வெயில் கல்பாத்தித் தெருவில் தேர் நிற்கும் இடத்தில்கூட நிழலை விட்டுவைக்கவில்லை. அனந்தநாராயணன் முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். எப்போதும் சிலேட்டில்தான் வகுப்பார். மீதி வந்தால் துடைத்துவிட்டு அடுத்தது. என்னைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம். இஞ்சி தட்டிப் போட்ட மோர்ச் சம்பாரம் கொண்டுவந்து கொடுத்தார். ஞானராஜ் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பிறகு நான் சொன்னேன்: அவர் நின்ற இடம் 20,71,553, பேப்பரில் வந்தது தவறு.

அவர் சிலேட்டில் 553 என்று எழுதினார். அதன் கீழே 723. அதன் கீழே 893. இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றின் இலக்கங்களைக் கூட்டினால் முப்பது, ஆகவே அதை மூன்றே வகுத்துவிடும் என்று அடித்தார். அதற்கடுத்தது அவர் ஏற்கெனவே பார்த்தது. நடுவில் 723 மட்டும் நின்றது. பலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அதையே பார்த்தார். கோடு போட்டு வகுக்கத் தொடங்குவார் என்று நினைத்தேன். சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“ஒரே ஒரு எண் விட்டுப் போச்சு. அதைச் சொல்லறதுக்கு இந்த வெயில்ல இவ்வளவு தூரம் வந்திருக்கேள்” என்றார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன். அவருக்குக் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வகுபடாத எண்ணுக்காக யாரும் இப்படி வேர்த்துண்டு வரமாட்டா.”

ஐந்தாவது

வாசல்வரை வந்தவர், இது ஞானராஜுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் அவருக்காவது மிச்சம் இருக்கிறது, அவர் வரிசையில் வந்தது அவருக்கே போகட்டும் என்றார். அந்த ஒரு எண்ணை மட்டும் கொடுத்தால் ஜீப்காரர் கண்டுபிடித்துவிடுவார். எனவே மூன்றில் முடியும் பழைய எண்கள் சிலவற்றோடு கலந்து, சந்தேகமாக இருக்கிறது, ஒரு தடவை பாருங்கள் என்று சொல்வது என்று முடிவு செய்தார். எந்த இடத்தில் வைப்பது என்பதைத்தான் வெகு நேரம் யோசித்தார். முதலில் வைத்தால் சந்தேகப்படுவார். கடைசியில் வைத்தால் அதற்குள் சலித்துவிடும். ஐந்தாவதாக வைத்தார். போனில் எண் சொல்லாத மனிதர், அன்று ஜெனிஃபருக்குத் தானே போன் செய்து, ஒவ்வோர் இலக்கமாக இரண்டு முறை சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

ஞானராஜ் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். கோடு நேராக வராதாம். ஒரு எண்ணை முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. சனிக்கிழமைகளில் ஜெனிஃபர் அழைத்து, அப்பா ‘இதுவும் இல்லை’ன்னு சொல்லச் சொன்னாங்க என்பாள். பின்னாலிருந்து குழறலாக ஒரு குரல் வரும். சாமியோட ரயிலு இன்னும் வரலையான்னு கேக்காங்க என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் காந்தலூர் பக்கம் போகவில்லை. அங்கே செய்தி எடுக்க வேண்டியிருந்தபோதுகூட வேறு ஆளை அனுப்பினேன். ஒருமுறை நேரில் போய்ப் பட்டது போதும்.

அடுத்த சனிக்கிழமை போன் வரவில்லை. திங்கட்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலை அப்பா இறந்துவிட்டார், அடக்கம் நேற்று முடிந்தது என்று ஜெனிஃபர் சொன்னாள். எல்லோரும் சொல்வதைச் சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை. அவளுக்கு இன்னொரு வேலை பாக்கியிருந்தது. “அங்கிள், அஞ்சாவதுல பாதிவரைக்கும் போட்டு வச்சிருக்காங்க. சாமிகிட்ட அதுவும் இல்லைன்னே சொல்லிரட்டா?”

நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அன்று மாலை கல்பாத்திக்குப் போனேன். இந்த முறை ஒளிக்க ஒன்றுமில்லை. அவர் கேட்டுக்கொண்டார். எதுவரை வகுத்திருந்தார் என்று மட்டும் விசாரித்தார். பாதிவரை என்றேன். சிலேட் அலமாரிக்கு மேலே ஏறியிருந்தது. அவர் அந்த எண்ணை வகுத்துப் பார்த்தாரா என்று நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. விடைபெறும்போது, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்: “முதல்லயே வெச்சிருக்கலாம்.”

ஆடி மாதம் முதல் ஞாயிறு முதல் அந்தக் கட்டத்தில் சுடோகு வருகிறது; விடை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சாகியிருக்கும்.